வெள்ளிக்கிழமையோடு முடிந்த கொடை

நன்கொடையாளர்களுக்கு அறிக்கை எழுதுவதில் நான் கெட்டிக்காரி. கான்வென்ட் ஆங்கிலம், இருபது வருடம் கல்லூரியில் பாடம் நடத்திய வாய், மயிலாப்பூரில் பிறந்து வளர்ந்தவளுக்கே உரிய கொஞ்சம் திமிர், எல்லாம் சேர்ந்து அந்தத் திறமையைக் கொடுத்திருந்தன. பத்துப் பிள்ளைகள் மட்டும் வந்த நாளை ‘உற்சாகமான பங்கேற்பு’ என்று எழுதுவேன். கூரை ஒழுகி வகுப்பே நடக்காத மாதம் ‘கட்டமைப்பு மறுஆய்வுக் காலம்’ ஆகிவிடும். படிப்பவர்களுக்குச் சந்தேகமே வராது. சில சமயம் எனக்கே வராது.

சிந்தாதிரிப்பேட்டையில், கூவத்தை ஒட்டிய சந்துகளில், பள்ளிப் பிள்ளைகளுக்கு மாலை நேரப் படிப்பு மையங்கள் நடத்தும் ஒரு சின்னத் தொண்டு நிறுவனம் என்னுடையது. ‘என்னுடையது’ என்று கை தானாகவே எழுதிவிடுகிறது, பாருங்கள். ஆரம்பித்தது நான். ஆனால் தினமும் மையங்களைத் திறந்து, ஆசிரியைகளைச் சமாளித்து, பிள்ளை வராத வீட்டின் கதவைத் தட்டிக் கேட்டு, எல்லாவற்றையும் நடத்தியது எங்கள் ஒருங்கிணைப்பாளர். அதே பேட்டையில் பிறந்தவள், முப்பத்தைந்து வயது. எங்களிடம் ஆசிரியையாகச் சேர்ந்து, தபாலில் பட்டம் வாங்கி, மேலே வந்தவள். தெருவில் அவள் நடந்தால் பத்து வாசலிலிருந்து குரல் வரும். நான் நடந்தால் ‘மேடம் வராங்க’ என்று வாசல் அமைதியாகிவிடும். இதை ரொம்ப நாள் மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்களுக்கு உதவி செய்தவர்களைக் குறை சொல்லக் கூடாதுதான். இருந்தாலும் சொல்கிறேன். ஒரு கம்பெனிக்காரர்கள் புத்தகப் பை கொடுக்க வந்தார்கள். போட்டோவில் பேனர் சரியாக விழவில்லை என்று பிள்ளைகளிடமிருந்து பைகளைத் திருப்பி வாங்கி, மறுபடி கொடுத்தார்கள். அதிலும் ஒருத்தி சிரிக்கவில்லை என்று மூன்றாவது தடவை. இன்னொருவர் ஒவ்வொரு மாதமும் ஒரு படிவம் அனுப்புவார். அதில் ‘சவால்கள்’ என்று ஒரு கட்டம் இருக்கும், இரண்டு வரி எழுதலாம். நான் எப்போதும் ‘மழை’ என்று எழுதிவிடுவேன். மழைக்காக யாரும் நம்மைக் கோபித்துக்கொள்ள முடியாது.

அப்படிப்பட்ட நேரத்தில்தான் அவள் வந்தாள். தி. நகரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் தெற்கத்திக் குடும்பம் ஒன்றின் மருமகள். நாற்பதை ஒட்டிய வயது. கடையின் சேலைத் தளத்தைப் பல வருடம் நிர்வாகம் செய்துவிட்டு, குடும்பத்தின் அறக்கட்டளையை அப்போதுதான் கையில் எடுத்திருந்தாள். கார் அனுப்பச் சொல்வார்கள் என்று எதிர்பார்த்தேன். ஆட்டோவில் தனியாக வந்து, செருப்பை வாசலில் விட்டுவிட்டு, பிள்ளைகளின் பாயில் உட்கார்ந்துகொண்டாள். நான் லேப்டாப்பைத் திறந்தேன். இரண்டு படங்களை மரியாதைக்குப் பார்த்தாள். பிறகு என்னிடம் கேட்டாள்.

“எல்லாம் நல்லா இருக்குக்கா. போன கிராக்கி யாரு?”

கிராக்கி என்ற சொல்லை நான் அதற்கு முன் கேட்டதெல்லாம் ஆட்டோக்காரர்கள் வாயில்தான், அதுவும் முன்னால் ‘சாவு’ ஒட்டிக்கொண்டு. எனக்கு முகம் சுருங்கிவிட்டது. பக்கத்தில் நின்ற எங்கள் ஒருங்கிணைப்பாளர் சிரிப்பை அடக்க முடியாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வந்தவள் விளக்கினாள். அவர்கள் கடையில் காலையில் ஷட்டரைத் தூக்குவதற்கு முன் எல்லா விற்பனைப் பெண்களும் பத்து நிமிடம் கூடி நிற்பார்கள். முந்தின நாள் வந்து, பார்த்து, எதையும் வாங்காமல் போன ஒரு வாடிக்கையாளரைப் பற்றி ஒவ்வொருத்தியும் சொல்ல வேண்டும். யார் வந்தது, என்ன கேட்டார்கள், ஏன் போனார்கள். அதற்காக யாரையும் திட்டக் கூடாது, சம்பளத்தில் கை வைக்கக் கூடாது. சேலையைத் தெரு வெளிச்சத்தில் பார்க்க வேண்டும் என்று கேட்ட பெண்களை ‘வாசலுக்குக் கொண்டுபோகக் கூடாது’ என்று தடுத்து அனுப்பிக்கொண்டிருந்தது அப்படித்தான் தெரிந்ததாம். அதன் பிறகு பட்டுப் பிரிவையே ஜன்னல் ஓரத்துக்கு மாற்றினார்களாம்.

“அதான்க்கா கேக்கேன். உங்ககிட்ட வந்துட்டு, வராமப் போன பிள்ளைய யாரு?”

நான் ‘மழை’ என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் எங்கள் ஒருங்கிணைப்பாளர் சொல்லிவிட்டாள்.

“எட்டாவது, ஒம்போதாவது பொண்ணுங்க. ஆறு பேரு. தண்ணி லாரி அஞ்சரைக்கு வருது. வூட்ல கொடம் எடுத்துக்கினு நிக்கறது அதுங்கதான். கிளாஸ் அஞ்சு மணிக்கு கீது. எப்டி வரும்?”

எனக்குச் சுருக்கென்றது. விருந்தாளி முன்னால் என்றும் பாராமல் கேட்டேன். “இதை ஏன் எங்கிட்ட சொல்லலை?”

“மூணு வாட்டி சொல்லிகீறேன் மேடம். நீங்க ரிப்போர்ட் எழுதிக்கினு இருந்தீங்க.”

அந்தக் கணத்தில் ஜவுளிக்கடைக்காரி ஏதாவது ஒரு புன்னகை செய்திருந்தால் நான் அவளை ஜென்மத்துக்கும் மன்னித்திருக்க மாட்டேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. பாயில் இன்னும் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டு, எங்கள் ஒருங்கிணைப்பாளர் பெண்ணை உட்காரச் சொன்னாள். “அப்ப என்ன செய்யலாம்னு நினைக்கிய?” என்று கேட்டாள். காலை ஆறரைக்கு அந்த ஆறு பேருக்கும் தனியாக வகுப்பு வைக்கலாம் என்று பதில் வந்தது, ஏற்கெனவே பலமுறை யோசித்து வைத்திருந்த பதில். அடுத்த வாரமே ஆறு பேரும் வந்தார்கள். அந்த மாத அறிக்கையில் நான் மெருகேற்றி எழுத வேண்டியது எதுவுமே இருக்கவில்லை.

அந்த அறக்கட்டளை எங்களைத் தாங்கிய விதத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. இத்தனை நோட்டு, இத்தனை பென்சில் என்று பட்டியல் கேட்கவில்லை. “பிள்ளையளுக்கு என்ன வேணும்னு பாண்டி பஜார்ல உக்காந்துகிட்டு எனக்கு எப்படித் தெரியும்?” என்பாள். ஆங்கிலத்தில் அறிக்கை வேண்டாம் என்றாள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து உட்கார்வாள், ஆசிரியைகள் பேசுவார்கள், அவளே எழுதிக்கொள்வாள். எழுதியதைத் திருப்பி அவர்களுக்குப் படித்துக் காட்டுவாள். மாதத்தில் இரண்டு நாள் ஆசிரியைகள் பாடமே நடத்தக் கூடாது, வேறு ஓர் இடத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும் என்பது அவளுடைய ஒரே நிபந்தனை. வேலை செய்யாத நாளுக்கும் உதவி கொடுக்கிறவர்களை அன்றுதான் முதன்முதலில் பார்த்தேன்.

பிறகு அந்தக் கூட்டங்கள். அவர்கள் உதவும் மற்ற இரண்டு குழுக்களையும் எங்களையும் சேர்த்து, கடையின் மேல்தளத்தில், ஊழியர்கள் சாப்பிடும் கூடத்தில் கூட்டுவாள். ஆதம்பாக்கத்தில் எழுத்துக் கூட்டத் திணறும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கும் ஒரு குழு. நந்தனத்தில் மைதானத்தில் பெண் பிள்ளைகளுக்குக் கபடி பழக்கும் ஒரு குழு. முதல் தடவை நான் முறைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். ஒரே இலைக்கு மூன்று பேர் போட்டி என்றே எனக்குத் தோன்றியது. அவள் அங்கே ஒரு சட்டம் வைத்திருந்தாள். ரசம் வரும் வரை யாரும் தங்கள் சாதனையைச் சொல்லக் கூடாது. சாம்பார் முடியும்வரை சறுக்கியது மட்டும்தான் பேச வேண்டும். அதிலும் முதலில் பேசுவது அவள்.

“ஆதம்பாக்கத்துக்காரங்கள நான்தான் அவசரப்படுத்தினேன். ஒரு எடத்துல நல்லா நடக்குதே, நாலு எடத்துல செய்யுங்கன்னேன். அவியளுக்கு மூச்சு முட்டிப் போச்சு. ரெண்டு டீச்சர் விட்டுட்டுப் போயிட்டாவ. அது என் தப்பு.”

பணம் கொடுக்கிறவர் தன் தப்பை, வாங்குகிறவர்கள் முன்னால், சாம்பார் சாதத்தைப் பிசைந்துகொண்டே சொல்வதை நான் அதுவரை கேட்டதில்லை. அன்று எங்கள் பெண்ணும் கபடிக்காரரும் பேசிக்கொண்டே படியிறங்கினார்கள். அதற்கப்புறம் எங்கள் பிள்ளைகளில் சிலர் சனிக்கிழமைகளில் நந்தனத்துக்குக் கபடி விளையாடப் போனார்கள். எங்கள் ஆசிரியைகள் ஆதம்பாக்கத்துக்குப் போய், ஒரு சொல்லை மணலில் விரலால் எழுதிப் பழக்குவதைக் கற்றுக்கொண்டு வந்தார்கள். இதில் என் பங்கு எதுவும் இல்லை.

என் பங்கு என்று ஒன்று உண்டென்றால் அது ஒரு மொழிபெயர்ப்பு. ஒருநாள் அவள் அறக்கட்டளையின் ஆங்கிலக் கடிதத்தைத் தந்து, ஆசிரியைகள் படிக்கிற மாதிரி தமிழில் செய்து தரச் சொன்னாள். உதவித்தொகைக்கு என்ன சொல் போடுவது? ‘மானியம்’ என்றால் கேஸ் சிலிண்டர் ஞாபகம் வருகிறது. ‘நிதியுதவி’ அரசாங்க வாடை அடிக்கிறது. யோசித்து யோசித்துக் ‘கொடை’ என்று போட்டேன். ‘கொடைக் காலம்’, ‘கொடை விதிகள்’, ‘கொடை பெறுவோர்’. அவள் படித்துவிட்டு முந்தானையால் வாயை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். “நல்லாத்தான் இருக்குக்கா. இருக்கட்டும், இருக்கட்டும்” என்றாள். என் தமிழில் மயங்கிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன்.

மூன்றாவது வருட முடிவில், அடுத்த மூன்று வருடத்துக்கான பேச்சு வந்தது. அவள் கேட்டாள். “உங்களுக்குப் பொறவு யாருக்கா?”

எனக்கு ஐம்பத்தாறு வயது. சர்க்கரைகூடக் கிடையாது. “ஏன், நான் எங்கே போகப் போறேன்?” என்றேன், சற்றுச் சூடாகவே. அவள் விடவில்லை. புதிய விண்ணப்பத்தில் ஒரே ஒரு பக்கம்தான் முக்கியம் என்றாள். அடுத்த மூன்று வருடம் வேலை எப்படி நடக்கும், எதை யார் முடிவு செய்வார்கள் என்று அதில் எழுத வேண்டும். அதை நான் எழுதக் கூடாது. நான் இல்லாத அறையில், வேலை செய்கிறவர்கள் உட்கார்ந்து எழுத வேண்டும். சரி சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

அதே வாரம் எங்கள் ஒருங்கிணைப்பாளர் என் எதிரில் வந்து நின்றாள். அடையாறில் உள்ள ஒரு பெரிய தொண்டு நிறுவனத்தில் அவளைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். அவள் போனால் மையங்கள் போய்விடும், அதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. “சம்பளமா?” என்று கேட்டேன்.

“சம்பளம் இல்ல மேடம். இங்க சாக்பீஸ் வாங்கணும்னாகூட உங்க கையெழுத்து வேணும். உங்களுக்கு ஜொரம்னா புள்ளைங்களுக்கு சாக்பீஸ் கெடயாது. ஏழு வருசமா இப்டியே ஓடிக்கினு கீது. மையத்த நான் நடத்துறேன்னு எல்லாருக்கும் தெரியும். தாள்ல மட்டும் இல்ல. அத்த எழுதிக் குடுங்க, நான் எங்கயும் போவல.”

“பார்க்கலாம்” என்றேன்.

நம் பக்கத்தில் ‘பார்க்கலாம்’ என்றால் என்ன பொருள் என்று அவளுக்கும் தெரியும். தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டாள். அன்று நான் ஏன் ‘சரி’ என்று சொல்லவில்லை? அவள் மேல் நம்பிக்கை இல்லாமல் இல்லை. அவளுடைய ஆங்கிலம் போதாது, பெரிய இடங்களில் பேச முடியாது என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். உண்மையான காரணம் வேறு. தாளிலும் அவள்தான் என்று ஆகிவிட்டால், காலையில் எழுந்து புடவை கட்டிக்கொண்டு நான் எங்கே போவது?

அதனால் அந்த ஒரு பக்கத்தை நானே எழுதினேன். நல்ல தமிழில், பன்மையில், ‘நாங்கள்’ என்று தொடங்கி. ‘நிறுவனரின் வழிகாட்டுதலில் குழு தொடர்ந்து செயல்படும்’ என்று முடித்தேன். ஞாயிற்றுக்கிழமை அனுப்பினேன். திங்கட்கிழமை காலை ஜவுளிக்கடைக்காரியிடமிருந்து வாட்ஸ்அப்பில் பதில் வந்தது.

‘அக்கா, நீங்க அனுப்புனத வாசிச்சேன். வெள்ளிக்கிழமையோட கொடை முடியுது. அதுக்குப் பொறவு பேசுவோம்.’

காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு மறுபடி படித்தேன். மூன்றாம் தடவையும் அதே எழுத்துகள்தான். பொய்யைக் கண்டுபிடித்துவிட்டாள், உதவியை நிறுத்திவிட்டாள் என்று எனக்குப் புரிந்தது. அதுவும் வெள்ளிக்கிழமையோடு. என் கணவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கி, “ஒரு போன் பண்ணிக் கேளேன்! ஆத்துல உக்காந்துண்டு தலையில கைய வச்சுண்டா ஆச்சா?” என்றார். கேட்பதா? மூன்று வருடமாக ‘அக்கா, அக்கா’ என்றவளிடம் போய், ‘ஏன் நிறுத்தினாய்’ என்று கெஞ்சுவதா? என்னால் முடியாது என்றேன். முடியாது என்பதற்குப் பெயர் மானம் என்று வைத்துக்கொண்டேன். உள்ளே இருந்தது பயம்.

நேராகச் சிந்தாதிரிப்பேட்டைக்குப் போனேன். ஆசிரியைகளை உட்கார வைத்து, வெள்ளிக்கிழமையோடு கொடை முடிகிறது என்று சொன்னேன். ஒருத்தி அழுதாள். எங்கள் ஒருங்கிணைப்பாளரைத் தனியாகக் கூப்பிட்டு, “நீ அடையாறுக்கே போயிடு. உன்னைப் பிடிச்சு வெச்சுக்க எனக்கு இப்போ யோக்யதை இல்லை” என்றேன். அதைச் சொல்லும்போது என்னைப் பற்றி எனக்கே பெருமையாக இருந்தது, என்ன பெருந்தன்மை என்று. அவள் வருகைப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு வகுப்புக்குள் போய்விட்டாள். நான் வீட்டுக்கு வந்து, தலைவலி என்று படுத்துக்கொண்டேன். வெள்ளி வரை அந்தப் பக்கம் போகவில்லை. ஒருத்தியும் போன் பண்ணவில்லை என்று அதற்கு வேறு கோபப்பட்டேன்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் போன் வந்தது. தி. நகர்க்காரிதான்.

“அக்கா, ஊர்ல இருந்து வந்துட்டேன். கொடை ரொம்ப நல்லா முடிஞ்சுது. உங்களுக்குத் திருநீறும் கருப்பட்டி மிட்டாயும் கொண்டாந்திருக்கேன். எங்க இருக்கிய?”

“எந்தக் கொடை?” என்றேன்.

“எங்க ஊரு அம்மன் கோயில் கொடைக்கா. வருசா வருசம் ஆவணியில வருமே. வில்லுப்பாட்டு, சாமியாட்டம் எல்லாம் உண்டு. ஆடித் தள்ளுபடி முடிஞ்சதும் குடும்பத்தோட போயிருவோம்லா.”

தெற்கே கோயில் திருவிழாவுக்குக் கொடை என்று பெயர். சிறுமியாக இருந்த நாளிலிருந்து அவளுக்கு அந்தச் சொல்லுக்கு அதுதான் பொருள். தன் அறக்கட்டளைக் கடிதத்தில் நான் ‘கொடை பெறுவோர்’ என்று எழுதியதைப் படித்து அவள் ஏன் அப்படிக் குலுங்கினாள் என்று, போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்ற அந்த நொடியில் எனக்குப் புரிந்தது. “நீங்கள் மையத்துக்கு வாருங்கள், நானும் வருகிறேன்” என்று ஏதோ மேடையில் பேசுகிறவள் மாதிரி எழுத்துத் தமிழில் சொல்லிவிட்டு ஆட்டோ பிடித்தேன்.

பூட்டிக் கிடக்கும் என்று நினைத்துப் போன மையத்தில், சனிக்கிழமைக் காலை வகுப்புக்கு வந்த பிள்ளைகளின் சத்தம் தெரு வரை கேட்டது. சுவரில் புதிய அட்டவணை. ஆதம்பாக்கத்து ஆசிரியைகள் இரண்டு பேர் செவ்வாயும் வியாழனும் வருவதாக அதில் எழுதியிருந்தது. நந்தனத்துக் கபடிக்காரர் தெரிந்தவர்களிடம் பேசி, பெரிய பிள்ளைகள் படிக்க ஒரு கூடம் பிடித்துக் கொடுத்திருந்தார். தெருமுனை இட்லிக் கடை அம்மாள் வாடகை வாங்காமல் தன் முன்னறையைச் சாயங்காலம் விட்டுத் தர ஒப்புக்கொண்டிருந்தார். உதவி நின்றுபோன நிறுவனம் ஒன்றை நாலே நாளில் நிமிர்த்தி வைத்திருந்தாள் எங்கள் பெண். மேஜையில் ஒரு பெட்டி நிறையச் சாக்பீஸ் இருந்தது.

தி. நகர்க்காரி பாயில் உட்கார்ந்திருந்தாள். நான் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். எங்கள் பெண் முதலில் கண்ணை விரித்தாள். பிறகு, “திருவிழாவா? தோடா! நாலு நாளா நாயா சுத்திகீறேன் நானு!” என்று தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். ஆசிரியைகளும் சிரித்தார்கள். வந்தவள் மட்டும் சிரிக்கவில்லை.

“ஏன்க்கா ஒரு போன் போடல?”

“எப்படிக் கேக்கறதுன்னு...”

“மூணு வருசமா பாயில வந்து உக்காந்திருக்கேன். ஒரு வார்த்த கேக்க உங்களுக்குப் பயமா இருந்திருக்கு. அப்ப இத்தன நாளா நான் என்னத்தச் செஞ்சேன்?” அவள் குரல் கம்மிவிட்டது. “இது நான் ஊர்ப்பேச்சுல எழுதுன தப்பு இல்ல. கேக்க முடியாத எடத்துல உங்கள வச்சிருக்கேன் பாருங்க, அதுதான் தப்பு.”

அவள்மேல் நான் வைத்திருக்கும் மரியாதைக்கு ஒரு முகம் உண்டென்றால், அந்த நிமிடத்தில் நான் பார்த்த அந்த முகம்தான். ஏமாற்றிப் பக்கம் எழுதியவள் நான், பயந்து வீட்டில் ஒளிந்தவள் நான், ஆனால் தன்னிடம் என்ன குறை என்று தேடியவள் அவள். நான் அனுப்பியதை அச்செடுத்து வைத்திருந்த தாளைப் பையிலிருந்து எடுத்து என் கையில் கொடுத்தாள்.

“இத வாசிச்ச ஒடனேயே தெரிஞ்சுது, இது உங்க தமிழுன்னு. நேர்ல பேசிக்கிடலாம்னுதான் அப்படி எழுதுனேன். உதவியெல்லாம் நிக்காதுக்கா. ஆனா யாரு நடத்தணும்னு நான் சொல்ல மாட்டேன். நான் சொன்னா, அதுவும் மேல இருந்து வந்த உத்தரவுதான.” சொல்லிவிட்டு, கருப்பட்டி மிட்டாய்ப் பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு பிள்ளைகள் இருந்த அறைக்குள் போய்விட்டாள். ஆசிரியைகளும் பின்னாலேயே போனார்கள்.

நானும் எங்கள் ஒருங்கிணைப்பாளரும் மட்டும் நின்றோம். கேட்கவே பயமாக இருந்தது. வெள்ளிக்கிழமை நேற்றோடு போய்விட்டதே.

“அடையாறுக்கு என்ன சொன்னே?”

“பொதங்கெழமையே வேணாம்னு சொல்ட்டேன்.”

“புதன்கிழமையா? அன்னிக்குப் பணம் நின்னு போச்சுன்னுதானே உனக்குத் தெரியும்? நானே உன்னைப் போகச் சொன்னேனே.”

“ஆமா.” அவள் சுவரில் இருந்த அட்டவணையைப் பார்த்துக்கொண்டு பேசினாள். “செவ்வாக்கெழம காலைல எழுந்தேன். யாரக் கேக்கறதுன்னு பாத்தேன். கேக்க யாரும் இல்ல. ஆதம்பாக்கத்துக்கு நானே போன் போட்டேன், வர்றோம்னாங்க. நானே கூடத்தப் போய்ப் பாத்தேன். நானே சாக்பீஸ் வாங்கினேன். ஏழு வருசத்துல இந்த நாலு நாளுதான் மேடம், நான் நெனச்ச மாதிரி வேல செஞ்சேன். இத்த வுட்டுட்டு அங்க எதுக்குப் போவணும்?”

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அவள் தோளைத் தொட்டு, எல்லாம் சரியாகிவிட்டது, இனி ஒரு கவலையும் இல்லை என்றேன்.

அவள் முகம் தெளியவில்லை. கையில் இருந்த சாக்பீஸை உருட்டிக்கொண்டே, மெதுவாக, என்னை வருத்தப்பட வைத்துவிடக் கூடாது என்ற ஜாக்கிரதையோடு கேட்டாள்.

“பணம் நிக்கலன்னா... அப்ப திங்கக்கெழம நீங்க வந்துடுவீங்களா மேடம்?”

பணம் நின்றுபோனது என்று கேட்டபோதுகூட அந்த முகத்தில் இவ்வளவு கவலையை நான் பார்த்திருக்கவில்லை. என் கையில் இருந்த தாளை நாலாக மடித்தேன். பிறகு கிழித்தேன். ஒரு வெள்ளைத் தாளை எடுத்து அவள் முன்னால் மேஜையில் வைத்தேன்.

“எல்லாரும் உக்காந்து நீங்களே எழுதுங்கோ. நான் கிளம்பறேன். நீ கூப்பிட்டா வரேன்” என்றேன்.

திங்கட்கிழமை காலை குளித்து, புடவை கட்டிக்கொண்டு, போனைப் பக்கத்தில் வைத்து உட்கார்ந்திருந்தேன். அவள் கூப்பிடவில்லை. செவ்வாயும் கூப்பிடவில்லை. புதன்கிழமை பதினோரு மணிக்குக் கூப்பிட்டாள், மையத்துப் பீரோ சாவி எங்கே என்று கேட்பதற்காக.